கணவாயிலிருந்து கடலுக்கு: தென்காசி – குற்றாலக் காற்றுவழியும் தமிழகக் காற்றாலை மின் உற்பத்தி வரலாறும்

ஆய்வுச்சுருக்கம்

மன்னார் வளைகுடாவில் காற்றாலைகளை நிறுவி மின்சாரம் எடுக்கும் திட்டம் புதியதொரு முயற்சியாகவே பெரும்பாலும் பேசப்படுகிறது. அது செங்கோட்டைக் கணவாய் வழியே தென்காசி, குற்றாலம் பகுதிக்குள் நுழைந்து கடல்வரை செல்லும் ஒரே காற்றுவழியின் இறுதிக் கண்ணி என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. காற்றைக் குறித்த தமிழ் மரபறிவு, 1980களின் அறிவியல் அளவீடு, 1986இல் தொடங்கிய அரசின் செயல்விளக்கக் காற்றாலைகள், வரிச்சலுகையால் வளர்ந்த தனியார் முதலீடு, 2015க்குப் பிந்தைய கடல்சார் கொள்கை ஆகியன வரலாற்று நோக்கில் ஆராயப்படுகின்றன. நிலத்தில் பட்டா வழியாக நடந்த உரிமை மாற்றம் கடலில் எவ்வாறு நிகழும் என்பதே இவ்வரலாறு எழுப்பும் மையக் கேள்வி என்பது கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: செங்கோட்டைக் கணவாய், கோடைக்காற்று, காற்றாலை, கயத்தாறு, மன்னார் வளைகுடா, கடலுரிமை.

முன்னுரை

தென்காசி மாவட்டம் 2019 நவம்பர் 22 அன்று திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது. இம்மாவட்டத்துக்குக் கடற்கரை இல்லை. எனினும் கடலில் காற்றாலை அமைப்பது பற்றிய ஆய்வை இங்கிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையின் இடைவெளிகள் வழியாகத் தமிழகத்துள் புகுகிறது. பாலக்காட்டுக் கணவாய், கம்பம் கணவாய், செங்கோட்டைக் கணவாய், ஆரல்வாய்மொழிக் கணவாய் ஆகிய நான்கும் தமிழகக் காற்றாலைத் தொழிலின் நிலவியல் அடிப்படை. இவற்றுள் செங்கோட்டைக் கணவாயின் வாயிலில் அமைந்தவை தென்காசியும் குற்றாலமும். இவ்வாயிலைக் கடக்கும் காற்று கிழக்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் சமவெளியைக் கடந்து தூத்துக்குடிக் கரையையும் மன்னார் வளைகுடாவையும் அடைகிறது.

ஆற்றுக்கு வரலாறு எழுதுவது தமிழ் ஆய்வுலகில் நிலைபெற்ற மரபு. ஊற்று, கால்வாய், குளம், கழிமுகம் என்று நீரின் வழியைத் தொடர்ந்து சென்று குடியிருப்பையும் உரிமையையும் விளக்கும் ஆய்வுகள் பல உள்ளன. காற்றின் வழிக்கும் அத்தகைய வரலாறு உண்டு. மலைவாயிலில் தொடங்கிக் கடலில் முடியும் அவ்வழியைப் பின்பற்றுவதே இக்கட்டுரையின் முறை.

காற்றுவழியின் நிலவியல்

சூன் மாதத் தொடக்கத்தில் கேரளக் கரையைத் தொடும் பருவக்காற்று, மலையின் மேற்குச் சரிவில் ஏறும்போது குளிர்ந்து தன் ஈரத்தின் பெரும்பகுதியை அங்கேயே பொழிந்துவிடுகிறது. உயரம் குறைந்த ஆரியங்காவு – செங்கோட்டை இடைவெளியில் காற்று நெருக்குண்டு விரைவு கொள்கிறது. கணவாயைத் தாண்டி வரும் எஞ்சிய ஈரமே குற்றாலத்தின் சாரல். சிற்றாற்றின் அருவிகளில் நீர் பெருகும் 'சீசன்' காலமும் இதுவே. சாரல் எல்லையைக் கடந்த காற்று, கீழ்ப்பாவூர், சுரண்டை, ஆலங்குளம் வட்டாரங்களை அடையும்போது ஈரமற்ற வலிய காற்றாகிறது. குற்றாலத்தில் மென்தூறலாக உணரப்படும் அதே காற்று, சில கிலோமீட்டர் கிழக்கே மானாவாரி நிலத்தின் புழுதியைக் கிளப்புகிறது. மழை மறைவுப் பகுதியின் வறட்சியும் காற்றின் வளமும் ஒரே காரணத்தின் இருவேறு விளைவுகள்.

காற்றாலைகளே மழையை விரட்டுகின்றன என்ற கருத்து காற்றாலைகள் பெருகிய வட்டாரங்களில் பேசப்படுவதுண்டு. மழைமேகங்கள் திரளும் உயரத்தோடு ஒப்பிட, காற்றாலையின் இறகு எட்டும் உயரம் மிகச் சிறிது. மழை மறைவு நிலையும் காற்றாலைகளுக்கு முந்தியது. ஆகவே அக்கருத்துக்கு வானிலையியல் ஆதரவு இல்லை. ஆனால் சமூக வரலாற்றில் அதற்கு இடமுண்டு. மழையின்றி விளைச்சல் குன்றிய நிலம், மழையைக் கொண்டுவராத காற்றினாலேயே விலைபெற்ற முரணை அது தன் போக்கில் சொல்கிறது.

இவ்வாயிலுக்கு அரசியல் வரலாறும் உண்டு. செங்கோட்டை நெடுங்காலம் திருவிதாங்கூர் அரசின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. ஆரல்வாய்மொழிக் கணவாய் அமைந்த தோவாளை வட்டமும் அவ்வாறே. 1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநில அமைப்பின்போது தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்களும் செங்கோட்டை வட்டத்தின் ஒரு பகுதியும் தமிழகத்துடன் இணைந்தன. மொழியை முன்னிட்டு நடந்த இவ்விணைப்பில் காற்றைப் பற்றி எவரும் எண்ணியிருக்க வாய்ப்பில்லை. ஆயினும் முப்பதாண்டுகளுக்குப் பின் காற்றுவளம் மிக்கவை என்று கண்டறியப்பட்ட இரு கணவாய்களின் வாயில்களும் அதனாலேயே தமிழக எல்லைக்குள் அமைந்தன. 1904இல் தொடங்கிய கொல்லம் – திருநெல்வேலி இரயில்பாதையும் செங்கோட்டைக் கணவாயையே தேர்ந்தது. மக்களும் சரக்கும் கடந்த வழியே காற்றும் கடந்த வழி.

மரபறிவில் காற்று

தமிழில் காற்றுக்குத் திசைவழிப் பெயரிடும் மரபு தொன்மையானது. வடக்கிலிருந்து வருவது வாடை. தெற்கிலிருந்து வருவது தென்றல். மேற்கிலிருந்து வருவது கோடை. கிழக்கிலிருந்து வருவது கொண்டல். இலக்கிய நினைவில் பொதிகை, குற்றால மலைகள் தென்றலோடு பிணைக்கப்பட்டிருப்பினும், செங்கோட்டைக் கணவாய் வழியே வந்து மின்சாரம் தருவது மேற்குத் திசைக் கோடையே ஆகும். திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சி போற்றும் மலைவளத்துக்கும் கிழக்குச் சமவெளியின் காற்றுவளத்துக்கும் மூலம் ஒன்றே.

கடற்கரை மக்களின் வழக்கில் இப்பகுப்பு மேலும் நுட்பமானது. சோழகம், கச்சான், வாடை, கொண்டல் ஆகிய பெயர்கள் மன்னார் வளைகுடாவின் இருகரைகளிலும் வழங்குபவை. பாய்மரம் விரித்துத் தொழில் செய்தவர்க்குக் காற்றின் திசையும் பருவமும் பிழைப்பின் கணக்கு. கடற்காற்றை ஆற்றலாகப் பயன்கொண்ட நினைவு சங்க இலக்கியத்திலும் பதிவாகியுள்ளது. கரிகாலனைப் பாடும் வெண்ணிக் குயத்தியார், பெருங்கடலில் காற்றைப் பணிகொண்டு கலம் செலுத்தியவனின் வழித்தோன்றலாக அவனைக் காட்டுகிறார் (புறநானூறு 66). இதனைத் தற்காலத் தொழில்நுட்பத்தின் முன்னறிவிப்பாகக் கொள்வது பொருந்தாது. காற்றைத் தொழிலுக்கு உட்படுத்தக்க ஆற்றலாகக் கருதும் சிந்தனை தமிழ்ச் சூழலில் கடலோடு தொடர்புற்றே முதலில் வெளிப்பட்டது என்பதே இங்குக் கருதத்தக்கது.

'ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்' என்ற பழமொழி சூலை, ஆகத்து மாதங்களின் காற்று வலிமையைச் சுட்டுகிறது. தமிழகக் காற்றாலைகள் ஆண்டு உற்பத்தியின் பெரும்பகுதியை மே முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களில் தருவது பழமொழியின் பட்டறிவோடு ஒத்துச் செல்கிறது. ஆனால் பட்டறிவு முதலீட்டுக்குப் போதுமானதன்று. எவ்வுயரத்தில், எத்தனை மணிநேரம், எவ்வேகத்தில் காற்று வீசுகிறது என்ற எண் தேவைப்பட்டது.

அளவீட்டின் காலம்

1973க்குப் பின் உலகச் சந்தையில் பெட்ரோலிய விலை உயர்ந்தது, மாற்று ஆற்றல்கள் பற்றிய சிந்தனையை இந்தியாவிலும் தூண்டியது. 1982இல் நடுவண் அரசு மரபுசாரா எரிசக்தித் துறையை உருவாக்கியது. அத்துறையின் ஆதரவில் நடைபெற்ற நாடளாவிய காற்றளவீட்டை வழிநடத்தியவர் வானிலை அறிவியலாளர் அன்னா மாணி (1918–2001). செங்கோட்டைக் கணவாய்க்கு வடமேற்கே அதே மலைத்தொடரில் உள்ள பீர்மேட்டில் பிறந்தவர். இந்திய வானிலை ஆய்வுத் துறையில் கருவிகளைத் தரப்படுத்தும் பணியில் புகழ்பெற்ற அவர், ஓய்வுக்குப் பின் காற்று ஆற்றல் தரவுகளைத் தொகுக்கும் பணியை மேற்கொண்டார். டி. ஏ. மூலியுடன் இணைந்து அவர் தொகுத்த காற்று ஆற்றல் தரவுநூல் 1983இல் வெளிவந்தது. பின்னர் இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தின் பெங்களூர்க் களப்பிரிவு வழியாகப் பல மாநிலங்களில் அளவீட்டுக் கம்பங்கள் நிறுவப்பட்டன.

தமிழகத்தில் அளவீடு நடந்த ஊர்களின் பட்டியல் காற்றுவழியின் வரைபடமாகவே அமைந்துள்ளது. தென்காசிக்கு அருகிலுள்ள ஆய்க்குடி, ஆலங்குளம் பகுதியின் நெட்டூர், கிழக்கே கயத்தாறு, ஒட்டப்பிடாரம், கரையோரத்தில் தூத்துக்குடி, தெற்கே முப்பந்தல், கடலை ஒட்டிய இராமேசுவரம் ஆகியன அதில் இடம்பெற்றன. கணவாய் முதல் கடல்வரை ஒரே திட்டத்தின்கீழ்க் காற்று அளக்கப்பட்டது என்பது கருதத்தக்கது.

இவ்வளவீட்டின் இன்றியமையாமையை இயற்பியல் விதி ஒன்று விளக்கும். காற்றிலுள்ள ஆற்றல் அதன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறுகிறது. வேகம் இருமடங்கானால் ஆற்றல் எட்டு மடங்காகும். வினாடிக்கு 6 மீட்டர் வேகம் 7 மீட்டராக உயர்ந்தால் ஆற்றல் ஏறத்தாழ 1.6 மடங்காகும். ஆகவே அளவீட்டில் நேரும் சிறுபிழை வருமானக் கணக்கில் பெரும்பிழையாகும். தடையற்ற கடற்பரப்பின் காற்று நிலக்காற்றைவிடச் சற்றே விரைவானதாயினும் மதிப்பு மிக்கதாவதற்குக் காரணமும் இதுவே.

முள்ளக்காடு முதல் கயத்தாறு வரை

தமிழகத்தின் முதல் செயல்விளக்கக் காற்றாலைத் தொகுதி 1986இல் தூத்துக்குடிக்குத் தெற்கே முள்ளக்காட்டில் தமிழ்நாடு மின்வாரியத்தால் நிறுவப்பட்டது. அங்கு நின்ற ஒவ்வொரு காற்றாலையின் திறனும் 55 கிலோவாட் மட்டுமே. தமிழகத்தில் காற்றாலை மின்சாரம் கடற்கரையில்தான் பிறந்தது என்பதை இவ்வரலாறு காட்டுகிறது. பின்னரே அது கணவாய்களை நோக்கி உள்நாட்டுக்கு நகர்ந்தது.

அடுத்த கட்டம் டென்மார்க்கின் உதவியோடு நிகழ்ந்தது. 1990ஆம் ஆண்டளவில் அந்நாட்டு வளர்ச்சி உதவி நிறுவனமான டேனிடாவின் துணையுடன் கயத்தாற்றிலும் முப்பந்தலிலும் சேர்த்து 10 மெகாவாட் திறனுள்ள காற்றாலைகள் நிறுவப்பட்டன. 1986க்கும் 1993க்கும் இடையில் மின்வாரியம் பல இடங்களில் மொத்தம் 120 காற்றாலைகளை 19.355 மெகாவாட் திறனில் அமைத்தது. இத்தொகை இன்றைய கணக்கில் மிகச் சிறிது. ஆனால் தனியார் முதலீட்டாளருக்குத் தேவையான சான்றை அரசு தன் செலவில் உருவாக்கித் தந்தது இக்கட்டத்திலேயே.

1998இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு காற்றாலைத் தொழில்நுட்ப மையம் நிறுவப்பட்டது. அதன் சோதனை நிலையம் கயத்தாற்றில் டேனிஷ் ஒத்துழைப்போடு அமைந்தது. இம்மையமே பின்னர் தேசியக் காற்று ஆற்றல் நிறுவனம் எனப் பெயர் மாறி, கடல்சார் காற்றாலைகளுக்கான முகமை அமைப்பாகவும் ஆனது. கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட ஊராக வரலாற்றில் அறியப்பட்ட கயத்தாறு, காற்றாலைச் சோதனையின் ஊராகவும் இவ்வாறு அறியப்படலாயிற்று.

தென்காசிச் சமவெளியில் நிலமும் மின்தொடரும்

1990களின் தனியார் வளர்ச்சிக்கு முதன்மைக் காரணம் விரைவுத் தேய்மானச் சலுகை. காற்றாலைக்குச் செலவிட்ட தொகை முழுவதையும் முதலாண்டிலேயே தேய்மானமாகக் கழித்துக்கொள்ள வருமானவரி விதிகள் இடமளித்தன. பஞ்சாலைகளும் சிமெண்ட் ஆலைகளும் காற்றாலை உரிமையாளர்கள் ஆயின. ஓரிடத்தில் உற்பத்தி செய்த மின்சாரத்தை மின்வாரியக் கம்பிகள் வழியே தம் ஆலைக்குக் கொண்டுசெல்லவும், பருவத்தில் மிஞ்சியதை வாரியத்தின் கணக்கில் சேமித்துப் பின்னர் எடுத்துக்கொள்ளவும் மாநில விதிகள் துணைசெய்தன. சலுகை பின்னர் 80 விழுக்காடாகக் குறைந்தது. 2012 ஏப்ரலில் நிறுத்தப்பட்டு 2014இல் மீண்டது. 2017 முதல் 40 விழுக்காடானது. சலுகையின் ஏற்றத்தாழ்வைப் பின்பற்றியே காற்றாலை எண்ணிக்கையின் ஏற்றத்தாழ்வும் அமைந்தது.

முப்பந்தலில் நல்ல இடங்கள் நிரம்பியபின் முதலீடு செங்கோட்டைக் கணவாயின் கிழக்கு முகத்துக்கு விரிந்தது. சுரண்டை, வீரசிகாமணி, ஊத்துமலை, ஆலங்குளம் வட்டாரங்களின் மானாவாரி நிலங்களில் கோபுரங்கள் எழுந்தன. இங்கு நிகழ்ந்தது பொருளியல் மாற்றம் மட்டுமன்று; உரிமை மாற்றமும் ஆகும். காற்றாலை நிற்கும் இடம் சிறிதாயினும், இறகுகளையும் கோபுரப் பகுதிகளையும் கொண்டுசெல்லும் பாதை, மின்கம்பித் தடம், ஒரு காற்றாலையின் நிழல் மற்றொன்றின் காற்றைத் தடுக்காதிருக்க விடவேண்டிய இடைவெளி ஆகியன பரந்த நிலப்பரப்பைத் தம் கணக்குக்குள் கொண்டுவருகின்றன. காற்றுக்குப் பட்டா இல்லை. காற்று வீசும் நிலத்துக்குப் பட்டா உண்டு. நிலத்தை விற்ற உழவர் விலையைப் பெற்றார். ஆனால் அந்நிலத்தில் ஆடு மேய்த்தவரும் கூலிவேலை செய்தவரும் பத்திரத்தில் இடம்பெறாதவர்கள்.

இரண்டாவது சிக்கல் மின்தொடர். காற்று மிகுந்த மாதங்களில் உற்பத்தியான மின்சாரம் முழுவதையும் வெளியேற்றத் தென்மாவட்டக் கம்பிகளுக்குத் திறன் போதவில்லை. காற்று வீசும்போதே காற்றாலைகளை நிறுத்திவைக்கும் நிலை ஏற்பட்டது. கயத்தாறு முதலிய இடங்களில் 400 கிலோவோல்ட் துணைமின் நிலையங்களும் பசுமை மின்வழித் திட்டமும் பின்னர் வந்து இதனை ஓரளவு தணித்தன. தமிழகத்தின் நிறுவுதிறன் 10,000 மெகாவாட்டைக் கடந்த இன்றைய நிலையில், நல்ல காற்றிடங்களில் சிறுதிறன் பழைய காற்றாலைகள் நிற்பது மூன்றாவது சிக்கல். அவற்றை அகற்றிப் பெரியவற்றை நிறுவுவதற்கும் புதுப்பிப்பதற்குமான கொள்கையை மாநில அரசு 2024இல் வெளியிட்டது.

கடலை நோக்கி

உலகின் முதல் கடல்சார் காற்றாலைத் தொகுதி 1991இல் டென்மார்க்கின் விண்டெபி கரைக்கப்பால் அமைந்தது. தலா 450 கிலோவாட் திறனுள்ள 11 காற்றாலைகள் அங்கு நின்று 2017வரை பணியாற்றின. கயத்தாற்றிலும் முப்பந்தலிலும் டேனிஷ் காற்றாலைகள் சுழலத் தொடங்கிய அதே காலம் அது. இரு நாடுகளும் ஏறத்தாழ ஒரே காலத்தில் எடுத்துவைத்த அடிகளில் ஒன்று கடலுக்குள்ளும் மற்றொன்று கணவாய்க்குள்ளும் சென்றது. நிலம் குறுகிய ஐரோப்பியக் கரைநாடுகளுக்குக் கடலே இடம். மானாவாரி நிலம் மலிவாகக் கிடைத்த தமிழகத்துக்குக் கடல் அப்போது தேவைப்படவில்லை.

நல்ல நிலமும் மின்தொடர்த் திறனும் சுருங்கியபோது பார்வை கடல்மேல் திரும்பியது. 2013இல் தேசியக் காற்று ஆற்றல் நிறுவனம் தனுஷ்கோடியில் 100 மீட்டர் உயர அளவீட்டுக் கம்பத்தை நிறுவியது. தேசியக் கடல்சார் காற்று ஆற்றல் கொள்கை 2015 அக்டோபரில் அறிவிக்கப்பட்டது. ஐரோப்பிய ஒன்றிய நிதியுதவியில் நடந்த ஃபோவிண்ட் ஆய்வு குசராத்துக் கரையிலும் தமிழகக் கரையிலும் தலா எட்டு மண்டலங்களை அடையாளம் கண்டது. தமிழகக் கடற்பரப்பின் வளம் ஏறத்தாழ 35,000 மெகாவாட் என மதிப்பிடப்பட்டது. நிலத்தடை இல்லாத தனுஷ்கோடி, மன்னார் வளைகுடாப் பகுதியில் கோடையோடு வாடையும் பயன்தரும் என்பது கணவாய்ச் சமவெளிக்கு இல்லாத வாய்ப்பு.

2018இல் நடுவண் அரசு 2022க்குள் 5,000 மெகாவாட், 2030க்குள் 30,000 மெகாவாட் என்னும் இலக்கை அறிவித்தது. 2022 கடந்தபோது இந்தியக் கடலில் ஒரு காற்றாலையும் நிற்கவில்லை. 2023 டிசம்பரில் கடற்படுகைக் குத்தகை விதிகள் வெளிவந்தன. 2024 சூன் 19 அன்று நடுவண் அமைச்சரவை 7,453 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. அதில் 6,853 கோடி, குசராத்திலும் தமிழகத்திலும் தலா 500 மெகாவாட் நிறுவுவதற்கான இடைவெளி நிதி. 600 கோடி இரு துறைமுகங்களை மேம்படுத்துவதற்கு உரியது. முள்ளக்காட்டில் அரசு தன் பணத்தில் சான்றை உருவாக்கிய முறையே பெரிய அளவில் இங்கு மீள்கிறது. வேறுபாடு ஒன்றுண்டு. அன்று மின்வாரியமே உரிமையாளர். இன்று அரசு நிதி தனியார் உரிமையாளரின் கணக்கை நிறைவுசெய்ய வழங்கப்படுகிறது.

கடலின் உரிமை

நிலத்தில் காற்றாலை நிறுவனம் பட்டாதாரரிடம் பேசியது. கடலில் யாரிடம் பேசும் என்பதே அடிப்படைக் கேள்வி. அரசமைப்பின் ஏழாம் அட்டவணைப்படி ஆட்சிக்கடல் எல்லைக்குள் மீன்வளம் மாநிலப் பொருள்; அதற்கு அப்பால் மீன்பிடிப்பு நடுவண் அரசின் பொருள். ஆட்சிக்கடல் 12 கடல்மைல் வரையும், தனிப் பொருளாதார மண்டலம் 200 கடல்மைல் வரையும் விரிகின்றன. 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் யார், எங்கே, எவ்வாறு மீன்பிடிக்கலாம் என்று வகுக்கிறது. மீன்பிடிக்கும் இடத்தின்மீது அவர்களுக்குச் சொத்துரிமை எதையும் அது வழங்கவில்லை. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்துக்கு இணையான ஒரு சட்டம் கடல்சார் மக்களுக்கு இயற்றப்படவில்லை.

எனினும் மன்னார் வளைகுடா வெற்றுவெளி அன்று. முத்தும் சங்கும் குளித்த நூற்றாண்டுகளில் கடலடிப் பார்கள் ஒவ்வொன்றும் பெயரிட்டு அறியப்பட்டன. வலை விரிக்கும் இடம், பருவம், முறை ஆகியவற்றை வழக்காறுகள் நெறிப்படுத்தி வருகின்றன. 1986இல் அறிவிக்கப்பட்ட கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகளும், 1989இல் அறிவிக்கப்பட்ட உயிர்க்கோளக் காப்பகமும் மீன்பிடி வெளியை முன்னரே வரையறுத்துவிட்டன. விசைப்படகுகளுக்கு ஆண்டுதோறும் 61 நாள் தடைக்காலம் உள்ளது. பாக் நீரிணையில் பன்னாட்டு எல்லை மற்றொரு வரம்பு. காற்றாலைத் தூண்களும் கடலடி மின்வடங்களும் அவற்றைச் சுற்றிய பாதுகாப்பு வளையங்களும் இவ்வரம்புகளின்மேல் சேரும் புதிய வரம்பாகும்.

எதிர்க்கரையின் பட்டறிவும் இங்குக் கருதத்தக்கது. இலங்கையின் மன்னார்த் தீவில் 2020 டிசம்பரில் தொடங்கப்பட்ட தம்பபவனி காற்றாலைத் தொகுதி 30 காற்றாலைகளோடு 103.5 மெகாவாட் திறன் கொண்டது. அது தீவின் நிலப்பகுதியில் நிற்பது. ஆயினும் வலசைப் பறவைகளின் வழி, வெள்ளநீர் வடிகால், மீனவர் வாழ்வு ஆகியவற்றை முன்வைத்து அங்குக் காற்றாலை விரிவாக்கத்துக்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. கார்பன் அற்ற மின்சாரம் என்ற பொதுநன்மை, அதன் இடச்சுமையைத் தாங்குவோரின் ஒப்புதலைத் தானே பெற்றுத் தருவதில்லை என்பதற்கு இது சான்று. அதே வேளையில் வெப்பமடையும் கடலால் பவளப்பாறைகளையும் மீன்வளத்தையும் முதலில் இழப்பவரும் இக்கரை மக்களே. ஆகவே காற்றாலையை ஏற்பதா மறுப்பதா என்பதைவிட, எவ்விடத்தில், எவருடைய அறிவைக் கலந்து, எவ்வகைப் பங்கோடு என்பதே முதன்மையான வினா.

முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து மூன்று முடிபுகள் பெறப்படுகின்றன. முதலாவது, தமிழகக் காற்றாலை மின் உற்பத்தி கரையில் தொடங்கிக் கணவாய்க்குச் சென்று மீண்டும் கடலுக்குத் திரும்புகிறது. செங்கோட்டைக் கணவாயும் மன்னார் வளைகுடாவும் ஒரே காற்றுவழியின் இருமுனைகள். இரண்டாவது, ஒவ்வொரு கட்டத்திலும் அளவீடும் அரசுச் செலவும் முந்த, தனியார் முதலீடு பிந்தியது. மின்தொடரோ எப்போதும் இறுதியில் வந்தது. கடலிலும் இவ்வரிசை மாறாவிடில், காற்று வீசும்போதே காற்றாலைகளை நிறுத்திய தென்காசிச் சமவெளியின் பட்டறிவு மிகுந்த பொருட்செலவில் திரும்ப நேரும்.

மூன்றாவது, நிலத்தில் காற்றின் விலை நிலத்தின் விலையாக மறைந்து பட்டாதாரருக்குச் சென்றது. பத்திரத்தில் பெயரில்லாதவர் விடுபட்டனர். கடலில் எவருக்கும் பத்திரமில்லை. எனவே அங்கு அனைவரும் விடுபடக் கூடும். பார்களின் பெயர்கள், வலைவிரிப்பு வழக்காறுகள், காற்றுப் பெயர்கள் ஆகிய வாய்மொழி அறிவைத் தொகுத்து வரைபடமாக்குவது மொழியாய்வுப் பணி மட்டுமன்று. குத்தகை எல்லைகள் வரையப்படும் முன் நிகழவேண்டிய உரிமைப் பதிவும் ஆகும். கடல்சார் வழக்காறுகளை ஆராயும் தமிழ்த்துறைகளுக்கும் வரலாற்றுத் துறைகளுக்கும் இதில் உடனடிப் பொறுப்பு உள்ளது. 1980களில் காற்று அளக்கப்பட்ட அளவு நுணுக்கத்தோடு, காற்று வீசும் இடத்தில் வாழ்வோரின் வழக்குரிமையும் பதிவு செய்யப்பெற வேண்டும்.